ஆடிப் பார்த்தவர் சொல்லட்டும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை வளர்க்கும் ரோல்பிளேயிங் ஆட்டங்கள். அவற்றைப் பற்றிச் சாதாரண ஆட்டக்காரர்கள் பேசி யூடியூபில் போடும் வீடியோக்கள். பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பேரன் சொல்கிறான். கட்டமும் கட்டாயமில்லையாம், காயும் கட்டாயமில்லையாம். இது என்ன ஆட்டம்?

பதில்: நாலைந்து பேர், ஒரு மேசை. அவர்களில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். ‘குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளேயிருந்து புகை வருகிறது. என்ன செய்கிறீர்கள்?’ என்று அவர் கேட்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரக்காரி, திருடன். என்ன செய்யப் போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் 20 முகம் கொண்ட பகடை உருளும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. கதை அடுத்த வாரமும் தொடரும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1,000 பிரதிகள். அடுத்த முறை பேரன் ஆடும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் உங்களுக்கும் ஒரு பாத்திரம் வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆட்டம் என்றால் ஆட வேண்டியதுதானே? அதைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசுவதும் இன்னொருவர் உட்கார்ந்து கேட்பதும் எதற்கு?

பதில்: இந்த ஆட்டம் புத்தகத்துக்குள் இல்லை, அதற்காகத்தான். சதுரங்க விதிகளை ஒரே தாளில் எழுதிவிடலாம். எழுதியதும் ஆட்டம் அங்கே முழுதாக இருக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, அதன் விதிப் புத்தகம் முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும், ஆனாலும் ஆட்டத்தில் பாதி வெளியேதான் நிற்கும். வாள் எவ்வளவு தூரம் எட்டும், நெருப்புக் கோளத்துக்கு எத்தனை பகடை உருட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஒருவரே ஓயாமல் பேசி மற்ற மூவரையும் ஊமையாக்கிவிட்டால் என்ன செய்வது? டி.எம். இரண்டு வாரம் உழைத்து வரைந்த குகையை விட்டுவிட்டு எல்லோரும் சந்தைக்குப் போகிறோம் என்று கிளம்பினால்? ஒரு பாத்திரம் செத்துப்போய், அதை ஆடிய பையனின் கண் கலங்கினால்? இவற்றைச் சொல்லவென்றே டி.எம்.களுக்குத் தனிப் புத்தகம் போட்டும் முழுக்கச் சொல்லித் தீரவில்லை. அடவையும் பாட்டையும் எழுதிக் கொடுத்தால் மட்டும் கூத்து வந்துவிடாது, வாத்தியார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பார்களே, அந்த மாதிரிக் கலை இது. பல வருடம் டி.எம்.ஆக இருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதே பழைய வழி. அப்படி ஒருவர் இல்லாத ஊரில் இருப்பவருக்கு அந்த வீடியோதான் வாத்தியார்.

கேள்வி: ஆட்டத்தைச் செய்த நிறுவனமே விளக்க வீடியோ போடுகிறது. அதை விட்டுவிட்டு யாரோ ஒரு அமெச்சூரை ஏன் கேட்க வேண்டும்?

பதில்: நிறுவனம் சொல்வது, என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தார்களோ அது. அமெச்சூர் சொல்வது, தன் மேசையில் என்ன நடந்ததோ அது. எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இரண்டாவதை எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டமே அமெச்சூர்களின் பிள்ளை. கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலை போன பிறகு வீட்டில் ஷூ பழுதுபார்த்துக்கொண்டே விதிகளை எழுதினார். ஆர்னசன் தன் நண்பர்களுக்காக ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டில் ஆட்டம் நடத்திவந்த இளைஞர். அவர்கள் வெளியிட்ட முதல் புத்தகங்களோ லேசில் புரியவில்லை. அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் படித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. உட்கார்ந்து தானே ஒரு ஆட்டத்தை எழுதிவிட்டார். அதுதான் 1975இல் வந்த ‘டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’. வாங்கியவரே பாதியை இட்டு நிரப்ப வேண்டிய பொருள் இது. நிரப்பியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதால்தான் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

கேள்வி: யூடியூப் வருவதற்கு முன்னால் இந்தப் பேச்செல்லாம் எங்கே நடந்தது?

பதில்: தபாலில். லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்டு என்ற பெண்மணி 1975இல் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற கூட்டிதழைத் தொடங்கினார். ஆளாளுக்குத் தட்டச்சு செய்து அனுப்பும் பக்கங்களை அவர் ஒன்றாகச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்புவார். போன மாதம் எங்கள் குழுவில் இப்படி நடந்தது, இந்த விதி உதைத்தது, நாங்கள் இப்படி மாற்றிக்கொண்டோம், நீங்கள் போன இதழில் சொன்னது எங்கள் மேசையில் பலிக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆட்டத்தைப் படைத்த கைகாக்ஸே தொடக்க இதழ்களில் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ 50 வருடம் நடந்த இதழ் அது. இன்றைய அமெச்சூர் வீடியோவின் பாட்டி யார் என்று கேட்டால் நான் லீ கோல்டைத்தான் காட்டுவேன். ஒருவர் தன் மேசையைப் பற்றிச் சொல்கிறார், இன்னொருவர் தன் மேசையைக் காட்டி மறுக்கிறார். காகிதம் போய் கேமரா வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: நல்ல வீடியோவை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ‘எங்கள் ஆட்டத்தில் என்ன ஆச்சு தெரியுமா’ என்று தொடங்கினால் உட்காருங்கள். ‘எல்லா டி.எம்.களும் செய்யும் 10 தவறுகள்’ என்று தொடங்கினால் எழுந்துவிடுங்கள்.

கேள்வி: வெளிச்சம் சரியில்லை, பின்னால் துணி காய்கிறது, 40 நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறார். தரம் என்று ஒன்று வேண்டாமா?

பதில்: ஒலி தெளிவாக இருக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலர் இதைப் பாத்திரம் கழுவிக்கொண்டோ பஸ்ஸில் உட்கார்ந்தோ காதால் மட்டும் கேட்கிறார்கள். மற்றபடி வெளிச்சமும் துணியும் யாரையும் கெடுப்பதில்லை. அந்தத் துணி ஒரு சேதியும் சொல்கிறது: வேலைக்குப் போய், வீட்டைக் கவனித்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரத்தை ஒதுக்கி ஆடும் ஒருவர் பேசுகிறார். நமக்கும் அதே நாலு மணி நேரம்தான் கையில். ஆறு மணி நேரத் தயாரிப்பு வேண்டும் என்று அவர் சொல்ல மாட்டார். அவரிடமும் அது இல்லை.

கேள்வி: ‘கிரிட்டிகல் ரோல்’ பார்த்துத்தான் நான் இந்த ஆட்டத்துக்கே வந்தேன். அதுவும் அமெச்சூர் வீடியோவில் சேர்த்திதானே?

பதில்: இல்லை. வீட்டு விருந்துக்கும் கல்யாணப் பந்திக்கும் உள்ள வித்தியாசம். மேத்யூ மெர்சரும் அவருடைய நண்பர்களும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். 2015 மார்ச்சில் தங்கள் ஆட்டத்தை நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். 2019இல் அனிமேஷன் படம் எடுக்கக் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் பணம் கேட்டபோது 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களை இந்த மேசைக்கு இழுத்து வந்தவர்கள் அவர்கள். அந்த நன்றி எனக்கும் உண்டு.

ஆனால் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. தங்கள் டி.எம். பத்துக் குரலில் பேசவில்லை, நண்பன் அழகாக அழவில்லை. இந்த ஏமாற்றத்துக்கு ஆட்டக்காரர்கள் ‘மெர்சர் எஃபெக்ட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு நான் அறிந்த நல்ல மருந்து, சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் கேமரா முன்னால் உட்கார்ந்து, ‘நேற்று எங்கள் ஆட்டம் சப்பென்று போனது, ஏனென்றால்…’ என்று தொடங்கும் வீடியோ. அந்த ‘ஏனென்றால்’ நட்சத்திரங்களின் நிகழ்ச்சியில் கிடைக்காது.

கேள்வி: சும்மா பொதுவாகப் பேசாமல், யாரைப் பார்க்கலாம் என்று பெயர் சொல்லுங்கள்.

பதில்: மூன்று பேர். மூவரும் மூன்று விதம்.

மேட் கால்வில் 2016இல் ‘ரன்னிங் த கேம்’ என்ற தொடரைத் தொடங்கினார். வீடியோ கேம் நிறுவனத்தில் எழுத்தாளராக இருந்தவர், அதனால் முழு அமெச்சூர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொடர் பிறந்தது பல வருடம் டி.எம்.ஆக உட்கார்ந்த அனுபவத்தில்தான். தொடக்கத்திலேயே ஒரு சின்ன நிலவறையைப் போட்டு, கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் தூக்கிப்போன கொல்லர் மகளை மீட்கும் கதையைக் கையில் கொடுத்து, ‘நீயும் நடத்தலாம்’ என்று தைரியம் சொன்னார். முதல் ஆட்டத்துக்கு ஆயிரம் வருட வரலாறு கொண்ட ராஜ்ஜியம் தேவையில்லை. நாலு அறையும் ஒரு காரணமும் போதும். இதைப் புரிந்துகொண்டு டி.எம். ஆனவர்கள் ஏராளம்.

சேத் ஸ்கோர்கோவ்ஸ்கி நாவலாசிரியர். ‘கால் ஆஃப் கதுலு’, ‘டிராவலர்’ ஆட்டங்களுக்கான அட்வென்ச்சர் புத்தகங்களை விமர்சிப்பார். ஒரு புத்தகத்தைத் தன் குழுவுக்கு நடத்தியபோது எங்கே சிக்கியது, ஆட்டக்காரர்கள் எந்தத் தடயத்தைத் தவறவிட்டார்கள், தான் எதை மாற்றிக்கொண்டார் என்று வரிசையாகச் சொல்வார். புத்தகத்தின் விலையைவிட அந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம். துப்பறியும் கதையில் ஒரே ஒரு தடயத்தை நம்பி எல்லாம் தொங்கினால், அது கிடைக்காத அன்று ஆட்டம் அங்கேயே நின்றுபோகும். படித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். நடத்தியவருக்குத் தப்பவே தப்பாது.

பென் மில்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ‘குவெஸ்டிங் பீஸ்ட்’ அவர் சேனல். புத்தகத்தை மேசையில் விரித்து, மேலிருந்து கேமரா வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுவார். அறையின் வர்ணனை, அதிலுள்ள பேய், பொறி, புதையல் எல்லாம் ஒரே விரிப்பில் இருக்கிறதா, இல்லை மூன்று இடத்தில் தேட வேண்டுமா? நாலு பேர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும்போது பக்கம் தேடுகிற அவஸ்தை டி.எம்.முக்குத்தான் தெரியும். காவின் நார்மனின் ‘ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ 2019இல் வந்தபோது அதைப் பலர் கொண்டாடியதற்கு இந்தப் பக்க அமைப்பு ஒரு முக்கியக் காரணம். விதிகள் 1981இல் வந்த பழைய விதிகளே; அடுக்கிய விதம்தான் புதிது. அந்த அருமையைப் புரட்டிக் காட்டினால்தான் பிறருக்குப் புரியும்.

கேள்வி: பெண்கள் யாரும் இல்லையா?

பதில்: பாட்டியே பெண் என்று மேலே சொன்னேனே. இன்றைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பேசும் டேல் கிங்ஸ்மில் இருக்கிறார், ஜின்னி டி இருக்கிறார். பாத்திரத்துக்குள் நுழைந்து பேசக் கூச்சப்படும் புதியவருக்கு ஜின்னி டியின் வீடியோக்களைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

கேள்வி: கணக்குப் போட்டே ஒரு மணி நேரம் ஓட்டும் வீடியோக்கள் இருக்கின்றனவே, அவை யாருக்கு?

பதில்: உங்களுக்கும்தான். ஒரு உதாரணம். டி அண்ட் டியின் 2014 பதிப்பில் ‘அட்வான்டேஜ்’ என்று ஒரு விதி: 20 முகப் பகடை இரண்டை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இதன் பலன் எவ்வளவு? 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால், ஒரு பகடையில் வாய்ப்பு 50 சதவீதம், இரண்டில் 75 சதவீதம். பெரிய லாபம். 20தான் விழ வேண்டும் என்றால், ஒரு பகடையில் 5 சதவீதம், இரண்டில் 9.75 சதவீதம். இரண்டு மடங்கு மாதிரி தெரிந்தாலும் பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆக, அது நடுத்தரமான காரியத்துக்குக் கை கொடுக்கும், அசாத்தியமான காரியத்தில் கைவிட்டுவிடும். இதைப் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு புரியவைக்கிற அமெச்சூர் ஒரு நல்ல கணக்கு வாத்தியார்.

ஆனால் அதே கணக்கை வைத்துக்கொண்டு ‘இந்தப் பாத்திரம் வீண், இதை எடுக்காதே’ என்று தீர்ப்புச் சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கணக்கில் எதிரி அசையாமல் நிற்கிறான். பக்கத்தில் நண்பன் இல்லை, தொங்கும் விளக்கை அறுத்து எதிரி தலையில் தள்ளலாம் என்ற யோசனையும் யாருக்கும் வருவதில்லை. உங்கள் மேசையில் இவையெல்லாம் நடக்கும்.

கேள்வி: அமெச்சூர் வீடியோவால் ஒரு ஆட்டம் வளர்ந்தது என்று காட்ட முடியுமா?

பதில்: ஜப்பானைப் பாருங்கள். உலகத்தின் பெரும்பகுதியில் டி அண்ட் டிதான் அண்ணன். அங்கே ‘கால் ஆஃப் கதுலு’. சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட அமெரிக்கத் திகில் ஆட்டம் அது. ஜப்பானியருக்கு ஆட்டத்தை எழுத்தில் படித்து ரசிக்கும் பழக்கம் முன்பே இருந்தது. ஒரு குழு ஆடியதை உரையாடலாக எழுதி வெளியிடுவதை ‘ரீப்ளே’ என்பார்கள். பின்னால் நாவலாகவும் அனிமேஷனாகவும் புகழ்பெற்ற ‘லோடோஸ் தீவுப் போர்’, 1986இல் ‘கொம்ப்டிக்’ பத்திரிகையில் அப்படி ஒரு ரீப்ளேயாகத்தான் தொடங்கியது. பிறகு நிகோநிகோ என்ற வீடியோ தளம் வந்ததும் சாதாரண ரசிகர்கள் தங்கள் கதுலு ஆட்டங்களைக் கார்ட்டூன் முகங்களும் கணினிக் குரலும் சேர்த்து ரீப்ளே வீடியோக்களாகப் போட்டார்கள். அதைப் பார்த்த இளைஞர்கள் புத்தகக் கடைக்குப் போனார்கள். வயதில் மூத்த ஒரு ஆட்டத்துக்கு ஒரு நாட்டில் புது ரத்தம் பாய்ச்சியதில் அந்த வீடியோக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: இந்த அமெச்சூர்களின் பேச்சுக்குப் பெரிய கம்பெனி காது கொடுக்குமா?

பதில்: 2023 ஜனவரியில் கொடுத்தது. டி அண்ட் டியை இப்போது வைத்திருப்பது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட். அதன் தாய் நிறுவனம் ஹாஸ்ப்ரோ. 2000இல் அவர்கள் ‘ஓப்பன் கேம் லைசென்ஸ்’ என்ற திறந்த உரிமத்தை வெளியிட்டார்கள். ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எடுத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் புத்தகத்தை எழுதி விற்கலாம். அதை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பதிப்பகங்கள் பிழைத்தன. 2023 ஜனவரி முதல் வாரத்தில் அந்த உரிமத்தின் புதிய வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனி செல்லாது, வருடத்தில் 7,50,000 டாலருக்கு மேல் விற்பவர்கள் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது.

செய்தியை வெளியே கொண்டுவந்தது பத்திரிகை. அதை வீடு வீடாகக் கொண்டுபோனது வீடியோ. வழக்கறிஞர்களாக இருக்கும் ஆட்டக்காரர்கள் பிரிவு பிரிவாக வாசித்துப் பொருள் சொன்னார்கள். சிறு பதிப்பாளர்கள் கேமரா முன் உட்கார்ந்து, தங்கள் தொழில் என்ன ஆகும் என்று விளக்கினார்கள். ஆட்டக்காரர்கள் கம்பெனியின் இணையச் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கினார்கள். ஜனவரி 27ஆம் தேதி கம்பெனி இறங்கிவந்தது. பழைய உரிமத்தைத் தொட மாட்டோம் என்றது. அதோடு நிற்காமல், அடிப்படை விதிகள் அடங்கிய 400 பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்தது. இனி அதைத் திரும்பப் பெற முடியாது. கடையில் புத்தகம் வாங்கும் சாதாரண ஆட்டக்காரர்கள் ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து மூன்றே வாரத்தில் வாங்கிய சொத்து அது.

அந்த மூன்று வாரத்தில் வதந்தியும் ஓடியது, ஆதாரமில்லாத கோபமும் ஓடியது. அதையும் சொல்ல வேண்டும். ஆவணத்தைத் திரையில் காட்டி வாசித்தவர்களே காரியம் சாதித்தவர்கள்.

கேள்வி: பதிப்பாளர் இலவசமாகப் புத்தகம் அனுப்புகிறார், வீடியோ போடுகிறவர் புகழ்கிறார். எப்படி நம்புவது?

பதில்: இலவசமாக வாங்குவது குற்றமில்லை. மறைப்பது குற்றம். நான் பார்ப்பது வேறொன்று: புத்தகம் செவ்வாய்க்கிழமை வந்து வியாழக்கிழமை ‘விமர்சனம்’ வந்தால், ஆடவில்லை என்று அர்த்தம். அதற்கு ‘முதல் பார்வை’ என்று பெயர் வைக்கட்டும், மனதார ஏற்றுக்கொள்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சொல்வது இந்த ஆட்டப் புத்தகங்களுக்கு அப்படியே பொருந்தும். எத்தனை பேருடன் ஆடினீர்கள், எத்தனை முறை, எந்த இடத்தில் விதியை மாற்றினீர்கள்? இந்த மூன்றுக்கும் வீடியோவில் பதில் இருந்தால், பணம் கொடுத்து வாங்கியதா கொடுக்காமல் வாங்கியதா என்ற கவலை எனக்குப் பாதியாகிவிடும்.

கேள்வி: ‘டி அண்ட் டி செத்துவிட்டது’ என்று வாரம் ஒரு வீடியோ வருகிறதே?

பதில்: 1974இல் பிறந்தது 50 வயதைத் தாண்டிவிட்டது. அந்த வீடியோக்களுக்கு அவ்வளவு ஆயுள் இருக்காது.

யூடியூபில் நீள வீடியோக்கள் வழியாக விளம்பரப் பணம் வர வேண்டுமானால் 1,000 சப்ஸ்க்ரைபரும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். கோபம் அந்தக் கணக்கைச் சீக்கிரம் நிரப்பிவிடும். மேசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் மற்ற யூடியூபர்களைப் பற்றியே பேசும் சேனலை நான் ஒரு மாதம்கூட வைத்திருப்பதில்லை. நீங்களும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பேய், மந்திரம், சாத்தான் என்று வீடியோ பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஆபத்தில்லையே?

பதில்: இல்லை, அம்மா. 1980களில் அமெரிக்காவில் உங்களைப் போன்ற பெற்றோர் பலரைப் பயமுறுத்தினார்கள். இந்த ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் தள்ளுகிறது என்று தொலைக்காட்சியில் பேசினார்கள், தனி இயக்கமே நடத்தினார்கள். பேசியவர்களில் ஆட்டத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்கள் அரிது. குற்றச்சாட்டும் நிலைக்கவில்லை. அன்றைய தாய்க்கு அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது: மகளோடு உட்கார்ந்து ஒரு வீடியோவைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அவளிடம் கேளுங்கள்: உங்கள் குழுவில் எக்ஸ் கார்டு உண்டா? ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் என்பவர் கொண்டுவந்த எளிய முறை அது. ஒரு அட்டையில் எக்ஸ் என்று எழுதி மேசை நடுவில் வைப்பார்கள். கதை யாருக்காவது சங்கடம் தரும் பக்கம் போனால் அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். இந்தப் பழக்கம் மேசை மேசையாகப் பரவ இந்த வீடியோக்களும் கைகொடுத்தன.

கேள்வி: 200 மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டேன். இன்னும் ஒரு முறைகூட ஆடவில்லை. எந்த சேனலை அடுத்துப் பார்க்கலாம்?

பதில்: எதையும் பார்க்க வேண்டாம். இரண்டு நண்பர்களைக் கூப்பிடுங்கள். டி அண்ட் டியின் அடிப்படை விதிகள் இலவசம். நண்பர்களே கிடைக்கவில்லை என்றால் ஷான் டாம்கின் எழுதிய ‘அயர்ன்ஸ்வோர்ன்’ இருக்கிறது. தனியாகவே ஆடலாம், அதன் மின்னூலும் இலவசம். ஆடிவிட்டு வாருங்கள். பார்த்த அதே வீடியோவை மறுபடி பாருங்கள். முன்பு கேட்காத பத்து விஷயங்கள் அப்போது காதில் விழும்.

கேள்வி: இந்த வீடியோக்கள் நாளைக்கு இருக்குமா?

பதில்: எல்லாம் இருக்காது, அது என் கவலை. 2015 ஆகஸ்டில் பிளிப் என்ற வீடியோ தளத்தை மூடினார்கள். அமெச்சூர் விமர்சகர்கள் பலர் தங்கள் வேலையை அங்கேதான் வைத்திருந்தார்கள். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் என்ற சமூகத் தளம் போனபோது, பழைய பாணி ஆட்டக்காரர்கள் பல வருடம் அங்கே பேசியதெல்லாம் கூடவே போனது. லீ கோல்டு காகிதத்தில் அனுப்பிய பக்கங்களைப் பலர் இன்றும் வைத்திருக்கிறார்கள். வீடியோ போடுகிறவர்கள் ஒரு பிரதியைத் தங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதின் சாரத்தை இரண்டு பக்கம் எழுதியும் வையுங்கள். வீடியோவில் தேடுவதைவிடப் பக்கத்தில் தேடுவது சுலபம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் இரண்டு வருடமாக ஆடுகிறோம். தமிழில் ஒரு சேனல் தொடங்க ஆசை. ஆனால் ‘சேவிங் த்ரோ’வுக்கும் ‘ஹிட் பாயின்ட்’டுக்கும் தமிழ்ச் சொல் தேடியே மூன்று மாதம் போய்விட்டது. சொல் கிடைத்த பிறகு தொடங்கலாமா?

பதில்: உங்கள் மேசையில் இப்போது எப்படிச் சொல்கிறீர்கள்? ‘ஹிட் பாயின்ட் எவ்வளவு இருக்கு?’ என்றுதானே. கேமரா முன்னாலும் அப்படியே சொல்லுங்கள். நல்ல தமிழ்ச் சொல் ஆட்டத்தின் சூட்டில் உங்களில் ஒருவர் வாயில் தானாக வந்து விழும், விழுந்ததும் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியல் போட்டுவிட்டுத் தொடங்கிய ஆட்டம் எதுவும் எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் ஆடியிருக்கிறீர்கள். வீடியோ போட அதைவிடப் பெரிய தகுதி ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் போதும். என்ன ஆட்டம், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் சிக்கியது, எப்படி வெளியே வந்தீர்கள் என்று முதல் வீடியோவில் சொல்லுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், குரல் தெளிவாக விழும். போட்டதும் இணைப்பை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். கடைசி நிமிடம் வரை பார்த்துவிட்டு, என் மேசையில் அது எப்படி நடந்தது என்று பதில் எழுதுகிறேன்.